தானாகச் சூடேறிய ஆப்பிள் பை

ஒஹாயோவில் நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் முப்பது வருஷமாக ஆப்பிள் பை சுட்டவள் வெர்லீன் ஸ்டக்கி. கணக்கில் வரும் பை அல்ல, வாயில் கரையும் பை. ஐம்பத்திரண்டு வயதில் நர்சாக ஆசை வந்துவிட்டது. அதற்குச் சமூகக் கல்லூரியின் கணக்குப் பாடத்தில் தேற வேண்டும். இரண்டு முறை மண்ணைக் கவ்வியாயிற்று. மூன்றாவதும் போனால் நர்சிங் கனவு அவ்வளவுதான்.

கடைசித் தேர்வு இது: ஏதாவது ஒன்றைத் தானே அளந்து வந்து, வரைபடக் கால்குலேட்டரில் அதற்கு ஒரு வளைகோடு பொருத்தி, வகுப்பின் முன் விளக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பை ஆறுவதை, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பமானி குத்தி ஒரு மணி நேரம் அளந்திருந்தாள் வெர்லீன். இருபடி வளைகோடு எல்லாப் புள்ளிகளையும் உரசிக்கொண்டு போனது. பொருத்த எண் 0.997. அது ஒன்றை நெருங்கிவிட்டால் வேறு யோசனையே வேண்டாம் என்பது அந்த வகுப்பின் மதம். வெர்லீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆசிரியர் ஆஸ்லண்டுக்கு அவள் மகன் வயது. "மூணு மணி நேரம் கழிச்சு எவ்வளவு சூடு இருக்கும்னு பாருங்க," என்றார்.

தட்டினாள். இறங்கிய கோடு திரும்பி மேலேறியிருந்தது. 333 டிகிரி ஃபாரன்ஹீட். பை வெந்த அடுப்பின் சூடே 350தான்.

"அக்கா, அடுப்ப வித்துடுங்க! பை தன்னால வேகுது!" என்றான் லாரி ஓட்டும் டுவெய்ன். வகுப்பு குலுங்கியது. முகம் சிவந்து நின்றவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"போடா! ஆறினது திரும்பச் சூடாகுமா? என் சமையக்கட்டு எழுபத்தஞ்சு டிகிரி. பை அதுக்குக் கீழயும் போகாது, திரும்ப மேலயும் ஏறாது."

சொன்னதும்தான் அவளுக்கே உறைத்தது. அளவு ஒவ்வொன்றிலிருந்தும் எழுபத்தைந்தைக் கழித்தாள். மிச்சத்துக்கு, இறங்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தை ஒட்டும் அடுக்குக்குறி வளைகோட்டைப் பொருத்தி, எழுபத்தைந்தைத் திரும்பக் கூட்டினாள். யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று மணி நேரத்தில் 76 டிகிரி. ஆனால் பொருத்த எண் 0.991 ஆகியிருந்தது.

"எண் குறைஞ்சிருக்கே. பழைய கோட்டையே வச்சுக்கலாமா?" என்றார் ஆஸ்லண்ட்.

தலையாட்டி மறுத்தாள். "வேணாம் சார். பை சுடுறது நானு. இந்த மெஷின் இல்ல."

ஆஸ்லண்ட் பேனாவை மூடினார். "பாஸ்."

"காதுல சரியா விழல சார். இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் வாய் திறக்குமுன் வகுப்பே சேர்ந்து கத்தியது.