வால்பாறையில் ஒரு பி.ஒய். நம்பர்

வில்லியனூர்லேர்ந்து வால்பாறைக்கு மாத்தலாகி மூணு மாசம் ஆச்சு. காருன்னா எனக்கு உசுரு. தினம் தொடைக்கறேன், தினம் மழை வந்து சேறாக்கிட்டுப் போவுது.

இன்னைக்கு டீக்கடை வாசல்ல என் கார் பக்கத்துல இன்னொரு பி.ஒய். நம்பர் கார்! நம்ம புதுச்சேரி வண்டி! ஓனர் வரட்டும்னு கொடை புடிச்சிக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன்.

வந்தாரு. "இன்னாண்ணா, நம்ம ஊரா? வில்லியனூரா, பாகூரா?"ன்னு பாய்ஞ்சேன்.

"இல்லீங்க, நான் பொள்ளாச்சி. அங்க வரி கம்மின்னு பதிவு பண்ணினதுங்க. பாண்டிச்சேரிய நான் பார்த்ததே இல்லீங்க"ன்னாரு.

"வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வால்பாறை பக்கம் நெசமான பாண்டிக்காரங்க யாராவது இருக்கீங்களா? பழகக்கூட வேணாம். "இன்னாபா, சாப்ட்டியா?"ன்னு ஒரு தடவ கேட்டுட்டுப் போங்க.