ஃபெயில் என்றே எழுதுங்கள்

எனக்குக் காதில் குரல் கேட்கும். ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர் சொன்னதைச் சரியாக உச்சரிக்கவே எங்கள் வீட்டுக்கு வெகுநாள் பிடித்தது. உச்சரிக்கக் கற்றுக்கொண்ட பிறகு யாரும் உச்சரிக்கவில்லை. "அவனுக்குக் கொஞ்சம் டென்ஷன்" என்பதுதான் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அம்மா தயார் செய்து வைத்திருந்த பதில்.

குரல் ஓர் ஆணுடையது. யாரென்று தெரியாது. கத்தமாட்டான், திட்டமாட்டான். கத்தித் தொலைத்தாலாவது நானும் எதிர்த்துக் கத்தலாம். இவன் பேங்க் மேனேஜர் மாதிரி மரியாதையாகப் பேசுவான். "போதும் தம்பி. உன்னால யாருக்கும் பிரயோஜனம் இல்ல. கிளம்பிடு." எங்கே கிளம்பச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். மாத்திரை போட்டால் சத்தம் குறையும், பேச்சு நிற்காது.

மாத்திரையோடு சேர்த்து, பேசியே குணப்படுத்தும் சிகிச்சையை ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்ணிடம் டாக்டர் என்னை அனுப்பினார். பொத்தேரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. நூறு பேரிடம் ஆளுக்கு நாலு கேள்வி கேட்கிற ஆராய்ச்சி இல்லை இது, ஒரே ஆளோடு கடைசிவரை கூட இருந்து எழுதுவது, கேஸ் ஸ்டடி என்று அந்தப் பெண் விளக்கினார். வாராவாரம் போகவேண்டும். குரல் என்ன சொன்னது, அதை எவ்வளவு நம்பினேன், பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பார். அதுவரை எல்லோரும் கேட்குதா இல்லையா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள். என்ன சொல்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். முதல் நாள் அந்த அறையில் நான் அழுத அழுகை எனக்கே அசிங்கமாக இருந்தது.

முதல் சில வாரங்கள் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கெடுத்தது அப்பா. தனியார் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தேறாத பையன்களுக்கு ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடும் பள்ளி அது. அப்போதுதான் பப்ளிக் பரீட்சையில் எல்லோரும் பாஸ் என்று போர்டு வைக்கலாம். யாரை அனுப்புவது என்று பொறுக்கிக் கொடுத்ததே அப்பாதான். ஆராய்ச்சி என்றதும் அவருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. தேறாத கேஸைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்துவிட்டார்.

ஆகவே கோச்சிங். தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்காதபடி குனிந்து சொல்வார். "போன வாரம் பாதியாயிடுச்சுன்னு சொன்னல்ல? இந்த வாரம் எப்பவாச்சும்தான் வருதுன்னு சொல்லு. ஒரேயடியா இல்லன்னு சொல்லாத, நம்பமாட்டாங்க." கூடுவாஞ்சேரி வந்ததும் ஒருதரம் ஒப்பிக்கச் சொல்வார். எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனாலும் ஒப்பித்தேன். அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

மாடிக்குப் போய் அப்படியே சொல்லிவிட்டு வருவேன். அந்தப் பெண்ணின் முகம் மலரும். குரலுக்கும் குஷிதான். "நான் இல்லன்னு சொல்லிட்டியா தம்பி? நல்லது. இனிமே நம்ம ரெண்டு பேர் மட்டும்தான்." அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவேண்டிய ஒரே ஆளிடம்தான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேனே.

ஒரு நாள், அதுவரை எழுதியதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். தப்பிருந்தால் சம்பந்தப்பட்டவரே திருத்தவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அடையாளம் தெரியாமலிருக்க என்னைச் சேலத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவனாக மாற்றியிருந்தார். சரி, கடையாவது நன்றாக ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில், குரல் ஏறக்குறைய மறைந்துவிட்டது, அடுத்த மாதத்தோடு சந்திப்புகளை முடித்துக்கொள்ளலாம் என்று வந்தது. தேறாவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தோம். தேறிவிட்டேன் என்று அனுப்புகிறார்கள்.

"முடிஞ்சுது தம்பி" என்றான் அவன்.

"பொய் மேடம். எல்லாம் பொய். முன்னைவிட அதிகமா பேசுறான். இப்பவும் பேசுறான். நீங்களும் முடிச்சிட்டீங்கன்னா நான் செத்துருவேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முகம்தான் வெளுத்துவிட்டது. முடிக்கப்போவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னை உட்காரவைத்துக்கொண்டே டாக்டருக்கு போன் போட்டார். பிறகு ஜெராக்ஸ் கடை வாசலில் காத்திருந்த அப்பாவை மேலே கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லி, நான் பொய் சொன்னதையும் அதைக் கேட்டுத் தான் ஏமாந்ததையும் சேர்த்தே எழுதப்போவதாகவும், இந்த ஆராய்ச்சியே அதற்குத்தான் என்றும் அவரிடம் சொன்னார். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நின்றபடியே கும்பிட்டார்.

"ஃபெயில்னே எழுதிக்கங்க மேடம். அனுப்பிடாதீங்க."

பள்ளியில் அப்பாவின் மேஜைக்கு முன்னால் இப்படி எத்தனை அப்பாக்கள் நின்றிருப்பார்களோ. அவர்மேல் எனக்கிருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

குரல் என்ன சொல்கிறது என்று மகனிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா சார் என்றார் அந்தப் பெண். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இப்ப பேசுதாடா?"

"பேசுதுப்பா."

"என்ன சொல்லுது?"

சொன்னேன். எங்கே கிளம்பச் சொல்கிறான் என்பதையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரயிலில் குனிவது போலவே என் காதருகே குனிந்து அந்தக் குரலிடம் பேசினார்.

"சார், அவன விட்ருங்க சார். எங்களுக்கு அவன் வேணும்."

அவன் பதில் சொன்னான். என்ன சொல்கிறான் என்று அப்பா கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.