ஒரு சாண் உயரம்

யுத்தம் முடிந்த வருஷம் தூத்துக்குடி உப்பளமொன்றில் வேலை பார்த்தேன். அங்கே உப்பேற்ற வந்த சின்ன லாரியின் டிரைவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருப்பார். கிளம்புமுன் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. வயிறு சேற்றில் தட்டி நின்றுவிடும். ஒருநாள் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே வேலங்கட்டை வைத்து, ஒரு சாண் உயர்த்திக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பெருமை.

தலையிலிருந்த உப்புப்பெட்டியை வண்டிக்குள் சாய்க்கப் போன பெண் எட்டாமல் நின்றாள்.

“வண்டி ஒசந்துட்டு அண்ணாச்சி, நாங்க ஒசரலியே!”

மறுநாள் கட்டைகளைக் காணோம்.

“மறுபடி சேத்துல மாட்டுமே?” என்றேன்.

“மாட்டட்டும். நா ஒருத்தன் மம்பட்டி எடுத்தாப் போதும்லா.”

குரல் வண்டிக்கடியிலிருந்து வந்தது. அந்த முகத்தைப் பார்க்க நானும் குனிந்தேன்.