பூஜ்யம் புள்ளி அறுபத்தைந்து

குற்றாலத்தில் அந்தக் கல்யாண மண்டபத்தைப் பஸ்ஸில் கடந்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். சீசனுக்கு வருகிறவர்கள் அதன் வாசலில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும், அவர்களுக்கென்ன.

ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். அதனால்தான் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் மூன்று சக்கர ஸ்கூட்டர் கொடுக்கிற விழாவை ஆடியில் வைத்தார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடை. அரசாங்க அட்டையில் ஊனம் அறுபத்தைந்து சதவீதம். நாற்பதுக்கு மேல் இருந்தால் வண்டி உண்டு. அப்போது தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கடையை ஆய்க்குடி ரோட்டில் பஸ் நிற்காத ஓரிடத்துக்கு மாற்றப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். வண்டி கிடைத்தால் எனக்கு வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை.

விழா அன்று நல்ல சாரல். வாசலில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்ற ஒருத்தன் பேரைக் கேட்டு, ஆளுக்கொன்றாக அடித்து வைத்திருந்த ஒதுக்கீட்டுக் கடிதக் கட்டிலிருந்து என்னுடையதை உருவிப் பார்த்தான்.

"ஒங்களுக்கு ஒரு பெர்சன்ட் கூட இல்லையே அண்ணே. நாப்பது வேணும்லா. அங்கன போயி உக்காருங்க."

பிடுங்கிப் பார்த்தேன். 'குறைபாட்டின் அளவு: 0.65' என்று இருந்தது.

"ஏலே, என் காலப் பாரு."

"காலப் பாக்கச் சொல்லல. லெட்டரத்தான் பாக்கச் சொல்லியிருக்கு."

வெளங்கிரும்! ஓரத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. சிவகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கட்டையை ஊன்றி வந்த பெரியவர் இருந்தார். கடையத்திலிருந்து அப்பா தூக்கிக்கொண்டு வந்த, இரண்டு காலும் வராத பெண் இருந்தாள். நூறு சதவீதம் உள்ள அவள் கடிதத்தில் வெறும் 1. ஊன்றுகட்டை வைத்திருந்தவர்கள் எல்லாரும் சாரலில் நனைய, உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அதைப் பார்த்தும் அந்தப் பேட்ஜ்காரனுக்குச் சந்தேகம் வரவில்லை. "எல்லாம் டூப்ளிகேட் கேசு, மாப்ள" என்று கூட நின்றவனிடம் சொன்னான். எனக்கு அவனை அறையக் கை வந்தது.

என்ன நடந்திருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் பிழைப்பே அதுதானே. எக்செல் கட்டத்தில் 65% என்று தெரிவது கண்ணுக்கு மட்டும்தான். உள்ளே அது 0.65 ஆகத்தான் கிடக்கும். மெயில் மெர்ஜ் போட்டு மொத்தக் கடிதத்தையும் அடிக்கும்போது, உள்ளே கிடப்பதுதான் காகிதத்தில் வந்து விழும். அடித்தவன் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துப் படித்திருந்தால் போதும். படிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அறக்கட்டளைச் செயலாளரும் படிக்கவில்லை.

அந்தச் செயலாளர் மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"அண்ணாச்சி, லெட்டர் எல்லாம் தப்பா அடிச்சிருக்கு."

"எங்க தங்கச்சி மவன் சாப்ட்வேர்ல இருக்கான். அவன் அடிச்சது. தப்பா இருக்காது."

"அப்ப வெளிய உக்காந்திருக்கவுக எல்லாம் ஓடி வந்திருக்காகளா?" என்று கத்தினேன்.

சிறப்பு விருந்தினர் கிளம்பிவிட்டதாக அதற்குள் போன் வந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்த பிறகுதான் மனிதருக்கு வேர்த்தது. மண்டப ஆபீஸில் இருந்த லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். பக்கத்துக் கட்டத்தில் ஒரு சின்ன ஃபார்முலா போட்டால் அந்த 65% எழுத்தாகவே மாறிவிடும். அப்புறம் எங்கே கொண்டு போனாலும் கலையாது. அதைக் கடிதத்தில் சேர்த்து, எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். வெளியே இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசியாக நானும் என் கடிதத்தை நீட்டினேன்.

செயலாளர் வாங்கவில்லை. "நீ நில்லு. ஃபைல் ஒன் கையிலதான இருந்துச்சு? ஒன் நம்பர நீயே ஏத்தியிருந்தா நாங்க என்ன செய்ய?"

அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"நீ டிடிபி கடைக்காரன். கார்டு அடிக்கது ஒனக்குப் பெரிய வேலையா?"

"மத்தவுக நம்பரும் என் கை பட்டதுதானே அண்ணாச்சி?"

"அவுகளுக்கு ஏத்தி ஒனக்கு என்ன லாபம்? ஒனக்கு அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருஷமாம்! எரிகிற வீட்டை அணைக்க வந்தவனையே கொள்ளி வைத்தவன் என்கிறான். உள்ளே மேளம் ஆரம்பித்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, வேட்டியை விலக்கி, பெல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். காலிப்பரை உருவி அவர் முன்னால் இருந்த மேஜையில் போட்டேன். அதுவரை வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிட்ட எனக்கு அந்த மரியாதை போதும் என்று ஆகிவிட்டது.

"இந்தாரும்வே. அளந்து பாரும்."

மேஜையில் விருந்தினருக்கு வாங்கிய பொன்னாடைகள் இருந்தன. துரு ஒட்டிவிடும் என்று பதறி, அவற்றை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். பாவி, தரையில் கிடந்த என் காலை அப்போதும் பார்க்கவில்லை. விழா முடிந்து, எனக்கு வந்திருக்க வேண்டிய அந்த ஒரு வண்டியை மட்டும் மண்டபத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஆவணி பிறந்ததும் கடை மாறியது, எனக்கு வேலை போனது.