இரண்டாம் தியேட்டருக்குப் போன எஞ்சினியர்

மெல்போர்னில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் இரண்டு ஒப்பரேஷன் தியேட்டர்கள். எழுபதுகளில் இரண்டுக்கும் புதிதாக மின்சாரப் பாதுகாப்புப் போட்டார்கள். முதலாவதில் எங்காவது மின்சாரம் கசிந்தால் மணி அடிக்கும். ஆனால் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் கசிந்த உடனே சுவிட்ச் விழுந்து எல்லாம் நின்றுவிடும். சின்ன ஒப்பரேஷன்களுக்கு அது போதும் என்று தெரிவு செய்தவர் எங்கள் மின்சார எஞ்சினியர். யாழ்ப்பாணத்துக்காரர்தான். ஆனாலும் என்னோடு ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. நான் அங்கே ட்ரொலி தள்ளுகிறவன், நிலம் துடைக்கிறவன்.

ஒரு காலை, ஒப்பரேஷன் நடுவில் இரண்டாம் தியேட்டரின் சுவிட்ச் விழுந்தது. இரத்தம் உறிஞ்சும் மெஷின் நின்றது. டொக்டர் கத்தினார். துணியால் ஒற்றி ஒற்றித்தான் நோயாளியைக் காப்பாற்றினார்கள். எஞ்சினியர் வந்து மெஷினைத் திறந்து பார்த்தார். மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவன் ஊற்றிய தண்ணீர்தான் உள்ளே போயிருக்கிறது" என்று எல்லோருக்கும் முன்னால் ஆங்கிலத்தில் சொன்னார்.

நிலம் காய்ந்துதான் இருந்தது. தலைமைத் தாதி அன்றே என்னைச் சலவைப் பகுதிக்கு அனுப்பிவிட்டார். இரத்தத் துணிகளைப் பிரித்துப் போடும்போதெல்லாம், அந்த மனிதருக்குச் சொல்லவேண்டிய ஒரு வசனத்தை மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டேன். ஆள் போதாமல் என்னைத் திரும்பவும் தியேட்டருக்கு எடுத்தபோதும் வசனம் ஆறாமல் இருந்தது.

பிறகு ஒருநாள் என் ட்ரொலியில் அவரே படுத்திருந்தார். ஹேர்னியா.

"தம்பி, எந்தத் தியேட்டர்?"

தம்பியாம்.

"ரெண்டாவது, சேர்."

"முதலாவதில இடமில்லையோ?"

"அதுக்குள்ள பெரிய ஒப்பரேஷன் நடக்குது. உங்கட சின்னன்தானே. அதுக்கு இது போதும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"இடையில கரண்ட் நிண்டா?"

"துணியால ஒத்துவினம்."

அவர் ட்ரொலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். நான் மெல்லத் தள்ளினேன். அவ்வளவு மெல்ல எந்த நோயாளியையும் தள்ளியதில்லை.

"அண்டைக்கு மெஷினுக்குள்ள வயர்தான் பழுது, தம்பி. எனக்குத் தெரியும். மனசில வைச்சிருக்காதையும்."

"எனக்கேன் சொல்லுறியள்? அந்தா வாசல்ல நிக்கிற அவவுக்குச் சொல்லுங்கோ. இங்கிலீசில."

தியேட்டர் வாசலில் தலைமைத் தாதி நின்றார். நான் ட்ரொலியை அவருக்கு நேரே நிறுத்தினேன். கதவைத் திறக்கவில்லை. எஞ்சினியர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சொல்லி முடித்தார். மெஷின்தான் பழுது, தண்ணீர் இல்லை என்று.

தாதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது எங்களுக்கு அப்போதே தெரியும்" என்றார். "நேரமாகிறது, உள்ளே கொண்டுபோ."

கொண்டுபோனேன். பாதிக் கோபம் அந்தக் கதவோடு போனது. மீதிப் பாதிக்கு, அந்தத் தாதி அம்மாவுக்கு எப்போது வயிறு நொந்து என் ட்ரொலியில் ஏறுவார் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன்.