டெனிஸ் போட்ட சாட்சிக் கையெழுத்து

நோரா கிரிம்ஷாவை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் வெகுகாலம் பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஃப்ளீட்வுட்டின் துறைமுகத்தில் ஆயுசெல்லாம் மீன் அறுத்தவள், நாக்கும் அந்தக் கத்திதான். பிள்ளைகளின் பந்து அவள் முற்றத்தில் விழுந்தால் மறுநாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் யாரைத் திட்டினாலும் முதலில் எனக்குத்தான் கேட்கும்.

அவள் புருஷன் ஸ்டான் நுரையீரல் கெட்டுப் படுத்தபோது, ஒரே மகன் கீத் ப்ரெஸ்டனில் இருந்தான். காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வரச்சொன்னால் கார் ரிப்பேர், முதுகு வலி, பெண்டாட்டி டெனிஸின் அக்கா வீட்டு விசேஷம். வந்தவர்கள் ராத்திரி நர்சுகள்தான். நன்கொடையில் ஓடும் ஓர் அறக்கட்டளை அவர்களை அனுப்பும். சாகக் கிடப்பவர் பக்கத்தில் விடியும்வரை இருப்பார்கள், காசு கேட்க மாட்டார்கள். க்ளெனிஸ் என்ற நர்ஸ், தூக்கமில்லாமல் தள்ளாடிய நோராவை மாடிக்கு விரட்டிப் படுக்கவைத்தாள். நேரம் வந்ததும் ஓடிப்போய் எழுப்பினாள்.

"அவ எழுப்பலேன்னா அவரு தனியா போயிருப்பாரு, மேவிஸ்" என்று நோரா என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அன்றுதான் அவளை எனக்குப் பிடித்தது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனுக்கும் மருமகளுக்கும் வறுத்த இறைச்சியைப் பரிமாறிவிட்டு, தான் போனபிறகு வீடு நர்சுகளுக்கு என்று சொல்லிவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ரேடியோவை அணைத்தேன்.

"புத்தி கலங்கிடுச்சாம்மா? வீட்டைத் தூக்கி யாருக்கோ குடுப்பியா?"

"யாரோ இல்லடா. உங்கப்பனுக்கு சவரம் பண்ணிவிட்டவங்க. நீ எங்க இருந்தே?"

"அவங்க சம்பளத்துக்கு வர்றவங்க, நோரா" என்றாள் டெனிஸ். "கீத் உங்க ரத்தம்."

"கசாப்புக் கடையில விக்கிற ரத்தப் புட்டிங்லயும்தான் ரத்தம் இருக்கு. அதுக்கு நான் வீடு எழுதி வெக்கறேனா?"

தட்டு உடைந்த சத்தம் கேட்டது. யார் உடைத்தது என்று தெரியாது.

அடுத்த வருஷம் நோராவுக்கே புற்றுநோய் வந்தது. உடனே கீத்துக்கு அம்மாமேல் பாசம் பொத்துக்கொண்டது. தினமும் போன், போனில் வீட்டுப் பேச்சு. கடைசியில், "சரிடா, வீடு உனக்கு. மிச்சம் மீதியெல்லாம் நர்சுங்களுக்கு. என்னை நிம்மதியா விடு" என்றாள்.

டெனிஸுக்கு நம்பிக்கை இல்லை. வக்கீலிடம் போனால் அவன் கிழவியின் மனதை மாற்றிவிடுவானாம். அவளே பேப்பர் கடையில் அச்சடித்த உயில் தாள் வாங்கி வந்தாள். நோரா சொன்னபடியே எழுதினாள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். இன்னொருவருக்கு எதிர்வீட்டு ரானை அழைத்து வருகிறேன் என்றேன்.

"வேண்டாம், நானே போடறேன்" என்றாள் டெனிஸ். "எல்லாம் என் கண்ணு முன்னாடி நடக்கணும்."

நோரா உயில் தாளோடு வந்த விளக்கக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினாள். "இதைப் படிச்சிட்டுப் போடு."

"இதையெல்லாம் எவ படிப்பா?" டெனிஸ் அதன்மேல் டீக் கோப்பையை வைத்தாள்.

"படின்னு சொல்றேன்ல."

"எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், நோரா."

நோரா கையெழுத்துப் போட்டாள். அடுத்து நான், பிறகு டெனிஸ்.

கார் கிளம்பிய பிறகு, டீக் கறை படிந்த அந்தக் காகிதத்தை நோரா என்னிடம் நீட்டினாள். சாட்சி போடுகிறவருக்கும் சரி, அவருடைய புருஷன் பெண்டாட்டிக்கும் சரி, அந்த உயிலிலிருந்து எதுவும் சேராது என்று இருந்தது.

"அப்ப வீடு?"

"மிச்சம் மீதியோட சேந்து நர்சுங்களுக்கு."

"அடிப்பாவி! அவங்ககிட்ட சொல்லலையா?"

"ரெண்டு தடவை படிக்கச் சொன்னேனே." சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "கீத் ஒரே ஒரு தடவை தனியா வரட்டும், மேவிஸ். வீட்டைப் பத்திப் பேசாம எம்பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரட்டும். புதுசா எழுதி அவனுக்கே குடுத்துடறேன். நீயும் ரானும் சாட்சி போடுங்க."

கோடை முழுவதும் காத்திருந்தாள். வீடுதான் கைக்கு வந்துவிட்டதே, அவன் போனையும் நிறுத்திவிட்டான். கடைசி ராத்திரிகளில் க்ளெனிஸ்தான் வந்து உட்கார்ந்தாள். நோரா போனதும் அவள் கையில்தான்.

அடக்கம் முடிந்து, உயிலைப் பார்த்த வக்கீல் விஷயத்தைச் சொன்னதும் கீத் நேராக என் கதவை வந்து இடித்தான். டெனிஸ் காரிலேயே இருந்தாள்.

"உனக்குத் தெரியும்ல? ரெண்டு பேரும் சேந்து என் வீட்டைத் திருடிட்டீங்கல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோரா சொன்ன அத்தனையையும் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"பொய்" என்றான்.

"பொய்யா? சாகறதுக்கு முந்தின நாள் வாசல்ல வண்டி சத்தம் கேட்டுச்சு. வந்தது கீத்தா பாரு, என் தலையைச் சீவிவிடுன்னா. எட்டிப் பாத்தேன். ரான் வீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்தவன். கீத் இல்லன்னு சொன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா."

கீத் என் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காரிலிருந்து டெனிஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.