வெறும் கொக்கியில் வந்த பாரம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை, சொல்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பார்ஜ் என்கிற இஞ்சினில்லாத சரக்குத் தோணியை இழுக்கும் படகு ஒன்றில் நான் ஸ்ராங்கு, அதாவது சுக்கான் பிடிக்கிறவன். தூத்துக்குடியிலிருந்து வந்த நாள் முதல் அதே படகுதான். அரிசி ஏற்றிய பார்ஜை இழுத்த முதலாளி போய், மணல் இழுத்தவர் வந்து, போன மழைக்காலத்தில் இடப்பள்ளிக்காரர் ஒருவர் வாங்கினார். அவருக்கு இழுவை வேலையே வேண்டாம். சுற்றுலாப் படகாக மாற்றப்போகிறேன், இடக்கொச்சி படகு யார்டில் கொண்டுபோய் விடுங்கள், பின்பக்கம் இழுவை வடம் மாட்டுகிற கொக்கியை அறுத்துவிடுவார்கள் என்றார்.

நானும் இஞ்சின் பார்க்கும் ஷாஜியும் மத்தியானம் மழைத் தூறலில் கிளம்பினோம். பின்னால் பார்ஜ் இல்லை, கொக்கியில் வடம்கூட இல்லை. படகுத்துறை ஜெட்டியைத் தாண்டி நடுக்காயலுக்கு வந்ததும் படகு கனத்தது. கடலுக்கு வடிகிற இறக்க நீரை எதிர்த்துப் போகிறோம், அதனால்தான் என்று பார்த்தால் இது வேறு. நிறைபாரப் பார்ஜை இழுக்கும்போது பின்பக்கம் அழுந்துமே, அந்த அழுத்தம். எனக்குத் தெரியாதா அது?

ஷாஜி கீழேயிருந்து தலையை நீட்டினான். “சேட்டா, இஞ்சின் சூடாகுது. விசிறியில வலை சுத்தியிருக்கும்.”

வலை சுற்றினால் படகு உதறும், இது உதறவில்லை. சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். சும்மா இருந்தால் தொங்கிக் கிடக்கிற கொக்கி, பின்பக்கமாக நீட்டி விறைத்து நின்றது. அதில் ஒன்றுமே இல்லை. தொட்டால் அதிர்கிறது. அதற்குள் படகு வழியிலிருந்த பாலத்துத் தூண் பக்கம் ஒதுங்க ஆரம்பித்துவிட்டது. வேறு வழி தெரியாமல் சுத்தியலை எடுத்துக் கொக்கியின் பூட்டை அடித்தேன். டணாரென்று கொக்கி திறந்தது, படகு முன்னால் பாய்ந்தது, நான் குப்புற விழுந்தேன். அதன்பிறகு இடக்கொச்சி வரை பஞ்சு மாதிரி போயிற்று.

சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்பி ஜெட்டிச் சாயாக்கடைக்கு வந்தால், பயணிகள் படகு ஓட்டும் ஆன்றணிச் சேட்டன் என்மேல் பாய்ந்தார்.

“ஆளு நிக்கிற பார்ஜை நடுக்காயல்ல அவுத்து விட்டுட்டுப் போறியே, உனக்குப் பிராந்தா?”

எங்களுக்குப் பின்னால் பார்ஜ் வருகிறதென்று தன் படகையே நிறுத்திக் காத்திருந்தாராம். அவர் படகிலிருந்த சனமெல்லாம் பார்த்ததாம். அவிழ்த்ததும் அது இறக்க நீரோடு அழிமுகத்துப் பக்கம், கடல் வாயைப் பார்த்துப் போய் மழையில் மறைந்துவிட்டதாம்.

அந்த ஆள் கத்தினாரா என்று கேட்டேன்.

“இல்ல. உன்னையே பாத்துட்டு நின்னாரு. திரும்ப எறியறதுக்கு வடத்தைச் சுருட்டிட்டு இருந்தாரு.”

அன்று எந்தப் பார்ஜும் காணாமல் போகவில்லை, விசாரித்துவிட்டேன். மறுநாள் கொக்கியை அறுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள், சுற்றுலா வருகிறவர்கள் பின்பக்கம் பார்த்து உட்காரும்படி.